ஜாப் ஒர்க் கூலிக்கு 18 சதவீத வரி: குறுந்தொழில் பட்டறைகளின் நிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதி பகுதியில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங் இயந்திரம், ஒரு டிரில்லிங் இயந்திரம், என்னையும் சேர்த்து ஐந்து பேர். பம்ப், மோட்டார், விவசாயக் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் வார்ப்புகளையும் இரும்புத் தண்டுகளையும் கொடுத்தனுப்பும். நாங்கள் அவற்றைக் கடைந்து, துளையிட்டு, கேட்ட அளவுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்புவோம். பொருள் அவர்களுடையது, உழைப்பு மட்டுமே எங்களுடையது. இதைத்தான் ஜாப் ஒர்க் என்கிறோம். இந்த உழைப்புக்கான கூலியின் மீது 12 சதவீதமாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி), 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக உயர்ந்துவிட்டது. வரிக் குறைப்பைப் பற்றிய செய்திகளுக்கு நடுவே இந்த உயர்வு யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம், 12, 28 ஆகிய இரண்டு விகிதங்களையும் எடுத்துவிட்டு 5, 18 என்ற இரண்டை முதன்மையாக வைத்தது. புகையிலை, சொகுசுப் பொருள்கள் போன்றவற்றுக்கு 40 என்று தனி விகிதம் அமைந்தது. அதனால் மக்களுக்கு நன்மை விளைந்ததை நான் மறுக்கவில்லை. என் வீட்டு மளிகைச் செலவிலும் அது தெரிகிறது. ஆனால் 12 சதவீதத்தில் இருந்த ஒவ்வொன்றையும் கீழே 5க்கு இறக்குவதா, மேலே 18க்கு ஏற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோது, ஜாப் ஒர்க்கில் நடந்ததைக் கவனியுங்கள். தோல் பதனிடும் கூலி வேலை 12இலிருந்து 5க்கு வந்தது. அச்சு வேலை, குடை, செங்கல், மருந்துப் பொருள்கள் தொடர்பான கூலி வேலைகளும் அப்படியே 5க்கு இறங்கின. துணி, நூல் தொடர்பான கூலி வேலை முன்பிருந்தே 5 சதவீதம்தான். வைரத்துக்குப் பட்டை தீட்டும் கூலிக்கு ஒன்றரை சதவீதம். இவற்றில் எதிலும் சேராமல் 'மற்றவை' என்று மிஞ்சிய இனம் ஒன்று உண்டு. கடைசல், மில்லிங், வெல்டிங், கிரைண்டிங் என்று பொறியியல் சார்ந்த எங்கள் வேலைகள் அந்த இனத்தில்தான் அடங்குகின்றன. அது மட்டும் 18க்கு ஏறியது.

ஆம்பூரில் தோல் பதனிடுபவருக்கும் திருப்பூரில் துணி தைத்துக் கொடுப்பவருக்கும் கிடைத்த சலுகை குறித்து எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. அவர்களும் எங்களைப் போலப் பிறர் பொருளில் தங்கள் கைவேலையைச் சேர்த்துக் கொடுப்பவர்களே. அவர்கள் கூலிக்குப் பொருந்தும் நியாயம் இரும்பைக் கடைபவன் கூலிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதுவரை எங்களுக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை. இது புதிய கோரிக்கையும் அன்று. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் கூலிக்கு 18 சதவீதம் விதிக்கப்பட்டது. கோவையின் குறுந்தொழில் அமைப்புகள் இடைவிடாமல் முறையிட்டதன் பயனாக 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய கவுன்சில் அதை 12ஆகக் குறைத்தது. அப்போதே நாங்கள் கேட்டது 5. ஆறு ஆண்டுகள் கழித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறோம்.

விகிதம் மாறிய மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் அன்றன்று செய்த வேலைக்கு அன்றன்று பில் போடும் வழக்கம் இல்லை. சலானில், அதாவது சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டில், குறித்துக்கொண்டு சரக்கை அனுப்பி, மாதக் கடைசியில் எல்லாச் சலான்களையும் கூட்டி ஒரே லேபர் பில்லாகப் போடுவோம். செப்டம்பர் முதல் மூன்று வாரங்களில் நாங்கள் கடைந்து கொடுத்த தண்டுகளும் இம்பெல்லர் என்ற பம்ப் சுழலிகளும் 12 சதவீதம் நடப்பில் இருந்தபோது முடிந்த வேலைகள். ஆனால் விகிதம் மாறுவதற்கு முன்பே வேலை முடிந்திருந்தாலும், பில்லும் பணமும் மாற்றத்துக்குப் பிறகு வந்தால் புதிய விகிதமே பொருந்தும் என்பது சட்டம். செப்டம்பர் 30 அன்று இரவு பட்டறையை மூடிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சலான்களை மேசையில் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். "முழு மாதத்துக்கும் 18 போடுங்கள்" என்றார். போட்டேன். இரண்டாம் நாள் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் கணக்கர் பில்லைத் திருப்பி அனுப்பினார். மாதத்தில் மூன்று வாரம் 12ஆக இருக்கும்போது முழுவதற்கும் 18 எப்படிப் போடலாம் என்று கேட்டார். சட்டத்தை எடுத்துச் சொல்லி அவரை ஏற்க வைப்பதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அந்தப் பத்து நாளும் என் பணம் வரவேண்டிய தேதியோடு கூடிக்கொண்டது.

இந்த உயர்வால் எங்களுக்கு நட்டம் இல்லை என்று விளக்குபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வரியை நாங்கள் வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டுகிறோம், அவர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார், ஆகவே 12ஆக இருந்தாலும் 18ஆக இருந்தாலும் யார் தலையிலும் சுமை இல்லை. காகிதத்தில் இது சரி. பட்டறைக் கணக்கில் எப்படி இருக்கிறது என்பதை என் கணக்கையே வைத்துக் காட்டுகிறேன்.

என் பட்டறையின் மாதக் கூலி வருமானம் சராசரியாக 3 லட்சம் ரூபாய். அதற்கு 12 சதவீதமாக இருந்தபோது வரி 36,000, இப்போது 54,000. கார்பைடு டிப், டிரில், கூலன்ட் எண்ணெய் முதலியவற்றை நான் மாதம் சுமார் 25,000 ரூபாய்க்கு வாங்குகிறேன். அவற்றுக்குக் கட்டிய வரி 4,500 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். என் செலவில் பெரும்பகுதி கூலியாட்களின் சம்பளமும் மின் கட்டணமும்தான். இரண்டுக்கும் ஜிஎஸ்டி இல்லாததால் கழிப்பதற்கு வரவும் இல்லை. ஆக, முன்பு மாதம் 31,500 ரூபாய் கையிலிருந்து கட்டினேன்; இப்போது 49,500 கட்டுகிறேன். கட்ட வேண்டிய நாள் அடுத்த மாதம் 20ஆம் தேதி. காலாண்டுக் கணக்கு முறையில் இருப்பவர்களுக்கு, காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு 25. ஒரு நாள் தவறினாலும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், கணக்குத் தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும் உண்டு. வாடிக்கையாளரிடமிருந்து பணம் எப்போது வருகிறது? பில் கொடுத்து மூன்றரை மாதம், சில நேரம் நான்கு மாதம்.

அதாவது, எந்த நாளில் பார்த்தாலும் மூன்று மாத வரி, இன்னும் என் கைக்கு வந்துசேராத கூலிக்கான வரி, என் பையிலிருந்து போயிருக்கும். முன்பு அந்தத் தொகை 94,500 ரூபாய். இப்போது 1,48,500. என்னைப் போன்றவர்கள் இதற்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பதில்லை. நகையை அடகு வைப்போம். அதுவும் போதாவிட்டால் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்குவோம். இரண்டு வட்டிக்கு 1,48,500 ரூபாய் என்றால் மாதம் 2,970 ரூபாய். இந்த வட்டியை ஈடுகட்ட எந்தப் பில்லிலும் எதையும் சேர்க்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பதை விளக்கமாகவே சொல்ல வேண்டும். நான் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கைப் பதிவேற்றிவிட்டால், 14ஆம் தேதி என் வாடிக்கையாளரின் கணக்கில் அந்த வரி வரவாகத் தெரிகிறது. 20ஆம் தேதி நான் 54,000 ரூபாய்க்குக் கணக்குத் தீர்க்கும் அதே நாளில், அவர் தாம் கட்ட வேண்டிய வரியில் அந்த 54,000 ரூபாயைக் கழித்துக்கொள்கிறார். அவர் எனக்கு ஒரு ரூபாய்கூட இன்னும் கொடுத்திருக்கவில்லை. சட்டப்படி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எனக்குப் பணம் கொடுக்காவிட்டால் மட்டுமே அவர் அந்த வரவைத் திருப்ப வேண்டும். ஆறு மாதம்! அரசின் கஜானாவைப் பொறுத்தவரை ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விட்டது. நிகர வருமானம் எதுவும் இல்லை. உண்மையில் நடப்பது என்னவென்றால், ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையின் பணம் அரசின் வழியாக ஒரு பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனாகப் போகிறது. விகிதம் 12இலிருந்து 18 ஆனபோது அந்தக் கடனின் அளவும் ஒன்றரை மடங்காயிற்று. யாரும் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு இதுதான்.

வாடிக்கையாளருக்காவது சுமை இல்லை என்பதும் எல்லா இடத்திலும் உண்மையன்று. எனக்கு வேலை தருபவர்களில் விவசாய இயந்திரங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றும் உண்டு. உழுதல், அறுவடை, கதிரடித்தல் போன்ற வேலைகளுக்கான இயந்திரங்களுக்கு வரி 12இலிருந்து 5 ஆனது நல்ல முடிவு. விவசாயிக்கு அது சேர வேண்டும். ஆனால் 5 சதவீதத்துக்கு விற்கும் அந்த நிறுவனம், எனக்கு 18 சதவீதம் கொடுக்கிறது. மிஞ்சும் வரவு கணக்கிலேயே தேங்கி நிற்கிறது. வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரி இப்படித் தேங்கினால் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஜாப் ஒர்க் போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரிக்கு அந்த வழி இல்லை. இதை உச்ச நீதிமன்றமும் 2021 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பில் உறுதி செய்துவிட்டது. தேங்கும் பணத்தை அந்த உரிமையாளர் எங்கே ஈடுகட்டுவார்? என்னை அழைத்து, "மொத்தம் பழைய 112 ரூபாய்க்குள்ளேயே பில்லை முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். அதன்படி பார்த்தால் 100 ரூபாயாக இருந்த என் கூலி 95 ரூபாய்க்கும் சற்றுக் கீழே போகிறது. அவர் கெட்டவர் அல்லர். பத்து ஆண்டுகளாக எனக்கு வேலை தருபவர். அவருக்கும் வேறு வழி இல்லை. நான் ஒப்புக்கொண்டேன், எனக்கும் வேறு வழி இல்லை.

சிலர், 50 லட்சம் ரூபாய்க்குள் வரவுசெலவு உள்ள சேவைத் தொழில்களுக்கு 6 சதவீத இணக்க வரித் திட்டம் இருக்கிறதே என்று கேட்கக்கூடும். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர் பில்லில் வரி போட முடியாது. வாங்குபவருக்கு வரவும் கிடையாது. அந்த 6 சதவீதம் முழுவதும் எங்கள் கூலியிலிருந்தே போகும். ஜிஎஸ்டி பதிவே வேண்டாம், ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்துகொள்ளலாம் என்பார்கள் வேறு சிலர். ஐந்து குடும்பம் சாப்பிடும் பட்டறையை அந்த வரம்புக்குள் சுருக்கினால் இருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய கலால் வரிச் சட்டத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை சிறு தொழிலுக்கு விலக்கு இருந்த காலத்தை எங்கள் வயதுக்காரர்கள் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

பணம் தாமதமாவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது என்பதையும் அறிவேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் எங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கு வலுச் சேர்க்க, 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாக வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பது அந்த விதி. 2024 மார்ச் மாதக் கடைசி வாரத்தில், என் வாழ்நாளில் முதல் முறையாக, நான் கேட்காமலே இரண்டு நிறுவனங்கள் பாக்கியைத் தீர்த்தன. மிகவும் மகிழ்ந்தேன். பிறகுதான் புரிந்தது: ஜூனில் போட்ட பில்லுக்கு டிசம்பரில் பணம் கொடுத்தாலும் இரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் வருவதால் கொடுப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. மார்ச் 31 அன்று நிலுவையில் நிற்கும் பழைய பில்களுக்கு மட்டுமே அந்த விதி பல் காட்டுகிறது. மற்ற பதினோரு மாதமும் பழைய கதையே. வட்டி கேட்டு அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம் என்பதும் உண்மைதான். ஆனால் வேலை தரும் நிறுவனத்தின் மீது புகார் பதிந்துவிட்டு, மறுநாள் அதே வாசலில் சரக்கு எடுக்கப் போய் நிற்கக்கூடிய பட்டறைக்காரர் யாரையும் நான் கண்டதில்லை.

ஆகவே ஜிஎஸ்டி கவுன்சிலின் முன் வைக்கப்பட வேண்டியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். பொறியியல் ஜாப் ஒர்க்கையும் மற்ற கூலி வேலைகளைப் போல 5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு எதிரான நியாயமான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கடன் வாங்கிப் புதிதாக, கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரம் போட்டவர் அதற்கு 18 சதவீத வரி கட்டியிருப்பார். கூலிக்கு 5 சதவீதம்தான் என்றால் அந்த வரவைக் கழித்து முடிக்க அவருக்குப் பல ஆண்டு ஆகும். இயந்திரங்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அப்படிப்பட்டவருக்கு 18 சதவீதமே வசதி. சரக்குப் போக்குவரத்து முகவர்களுக்கு இதே சிக்கலுக்கு ஏற்கெனவே தீர்வு தரப்பட்டிருக்கிறது: உள்ளீட்டு வரவு வேண்டாம் என்பவர் 5 சதவீதமும், வேண்டும் என்பவர் 18 சதவீதமும் தேர்ந்துகொள்ளலாம். அந்த விருப்ப உரிமையை உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள குறுந்தொழில் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கும் கொடுத்துவிட்டால், பெரிய இயந்திரம் போட்டவரும் பிழைப்பார், பழைய லேத்தை வைத்திருப்பவரும் பிழைப்பார். எனக்கு மாதம் 4,500 ரூபாய் வரவு போனாலும், முன்கூட்டிக் கட்டும் வரி 49,500இலிருந்து 15,000 ஆகக் குறையும்.

விகிதத்தைவிட அடிப்படையானது வரி கட்டும் நாள். சேவை வரி இருந்த காலத்தில், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்குள் சேவை செய்த தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டினால் போதும் என்ற ஏற்பாடு இருந்தது. ஜிஎஸ்டியில் அது இல்லாமல் போயிற்று. குறுந்தொழில்களுக்காவது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாங்குபவரும் எங்களுக்குப் பணம் கொடுத்த மாதத்தில்தான் அந்த வரவை எடுக்க முடியும் என்று விதிக்க வேண்டும். நான் கட்டுவதும் அவர் கழிப்பதும் இன்றும் ஒரே நாளில்தான் நடக்கின்றன. இரண்டையும் சேர்த்தே தள்ளிவைத்தால் அரசின் வருவாயில் எந்தக் குறையும் ஏற்படாது. ஆனால் வரவு வேண்டும் என்பதற்காகவாவது நிறுவனங்கள் காலத்தோடு பணம் கொடுக்கத் தொடங்கும். 45 நாள் விதி மார்ச்சில் மட்டும் செய்த வேலையை இது மாதாமாதம் செய்யும்.

கவுன்சிலின் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. இந்தியாவின் பம்ப் உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் கோவையும், கனரகத் தொழில்களின் துணைப் பட்டறைகள் நிறைந்த ஓசூரும் திருச்சியும் சென்னை அம்பத்தூரும் தமிழகத்தில்தான் இருக்கின்றன. இந்தப் பிரச்சினையை எடுத்துப் பேச நம் மாநிலத்தைவிடக் கூடுதல் காரணமுள்ள மாநிலம் இருக்க முடியாது. கவுன்சிலின் அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் தமிழக நிதியமைச்சர், புறப்படுவதற்கு முன் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஏதேனும் ஒரு பட்டறைக்கு வந்து, அங்கே உள்ள சலான் கட்டையும் வரி கட்டிய ரசீதையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாக வேண்டுகிறேன். அரை மணி நேரம் போதும்.

இந்தக் கடிதத்தை வெளியிடும்போது என் பெயரையும் பட்டறையின் பெயரையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே குறிப்பிட்ட வாடிக்கையாளர்கள் இதைப் படிக்கக்கூடும். அக்டோபர் மாதப் பில்லுக்கு அவர்களிடமிருந்து இன்னும் எனக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.